பழத் திருவிழாவுக்கு மூன்று தடவை

மாத்தளை டவுனில் ஒரு மருந்துக்கடைக் கவுண்டரில் பதினாறு வருடமாக நிற்கிறேன். மருந்து இல்லையென்றால் என்னைத் திட்டுவார்கள். விலை கூடினாலும் என்னைத்தான். பக்கத்து கிளினிக்கில் டாக்டர் வரத் தாமதமானால்கூட என்னிடம் வந்து கத்திவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் வேறு கடைகளுக்குப் போனால் நான் வாயே திறக்கமாட்டேன்; எதிரே நிற்பவரும் என்னைப்போல் ஒரு ஆள்தானே என்று விட்டுவிடுவேன். சேர்த்து வைத்த அந்தப் பொறுமையெல்லாம் ஒரே பழ சீசனில் தீர்ந்துபோனது.

என் போனில் வந்த ஒரு விளம்பரத்தில் தொடங்கியது. இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு ஏறுகிற வழியில் ஒரு பழத்தோட்டம். சீசன் முடியும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் பழத் திருவிழா. மங்குஸ்தான் மரத்தடியில் நின்று உங்கள் கையாலேயே பறித்துக்கொள்ளலாம் என்று போட்டிருந்தார்கள். அம்மா போனை வாங்கி, படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"டிக்கட் எடுத்தா யாரு வேணும்னாலும் பறிக்கலாமா?"

"ஆமாம்மா."

"பறிச்சது நமக்கேவா?"

"நமக்குத்தான். தராசுல நிறுத்து, அதுக்குக் காசக் கட்டிட்டு எடுத்துட்டு வரலாம்."

"அப்ப என்னையக் கூட்டிட்டுப் போ."

அம்மா அப்படிக் கேட்கிறவர் இல்லை. இரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருபத்தெட்டு வருடம் மிளகும் கொக்கோவும் சாதிக்காயும் பறித்தவர். வேலையை விட்டபிறகு மாத்தளைக்குப் பக்கத்து ஊரான அலுவிகாரையில் என்னோடு இருக்கிறார். அந்தத் தோட்டத்தில் துரை பங்களாவைச் சுற்றி மங்குஸ்தான் மரங்கள் நின்றன. பழுத்தால் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். காம்பு முறியாமல், பழம் கீழே விழுந்து அடிபடாமல் பறிக்கிற கை. பறித்ததை எல்லாம் கணக்கப்பிள்ளை முன்னால் தராசில் நிறுவைக்கு வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். ஒரு பழம் மடியில் இருந்தாலும் அன்றைய பேர் வெட்டுதான். பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம். அம்மாவுக்கு அப்படி ஒருமுறை வெட்டியிருக்கிறார்கள். நான் வயிற்றில் இருந்த சமயம். அந்தப் பழத்தை அவர் தின்றிருக்கவும் இல்லை, மடியைச் சோதித்து எடுத்துக்கொண்டார்கள்.

கடையில் மங்குஸ்தான் எத்தனையோ தடவை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். சாப்பிடுவார், நன்றாக இருக்கிறது என்பார், அவ்வளவுதான். மரத்தில் பறித்த பழம் ஒன்று தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எழுபத்தொரு வயதில் அம்மா வாய்விட்டுக் கேட்ட ஒன்று. இதைச் செய்யாமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினேன்.

முதல் ஞாயிறு, மாத்தளைக்கு ஒரு பஸ், இரத்தோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து த்ரீவீல். போய் இறங்கினால் கேட்டில் பூட்டு. மழை காரணமாகத் திருவிழா அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டதாம். காலையிலேயே ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டோமே, பார்க்கவில்லையா என்று காவலுக்கு நின்ற வோச்சர் என்னையே கேட்டார். அந்த மேட்டில் நின்று பார்ப்பதற்கு என் போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. மழையும் அதற்குள் விட்டிருந்தது. அம்மா கேட் கம்பிகளுக்கு நடுவே எட்டிப் பார்த்து, "காய் நல்லாத்தான் புடிச்சிருக்கு" என்றார்.

இரண்டாம் ஞாயிறு உள்ளே போனோம். வாசலில் ஒலிபெருக்கி காதைப் பிளந்தது. பழ வடிவத்தில் வெட்டிய அட்டைக்குள் தலையை விட்டு ஆட்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கொத்துரொட்டிக் கடை, பலூன் கடை, பிளாஸ்டிக் கண்ணாடிக் கடை எல்லாம் இருந்தன. பழம் பறிக்கிற இடத்துக்கு மட்டும் வழி இல்லை. காலையில் இரண்டு பெரிய பஸ்ஸில் ஆட்கள் வந்து திறந்திருந்த மரங்களை மொட்டையடித்துவிட்டுப் போய்விட்டார்களாம். பழுத்தால் அடுத்த வாரம் திறப்போம் என்று கையை விரித்தார்கள். டிக்கட்டுக்குப் பதிலாக வலைப்பையில் கட்டிய ஆறு பழம் கொடுத்தார்கள். அதில் இரண்டு கல்லாட்டம் இறுகிப்போயிருந்தது. நான் முதல்தடவையாகக் குரலை உயர்த்தினேன். கவுண்டரில் இருந்த பெண், "நான் என்ன செய்றது அக்கா, எனக்குச் சொன்னதைத்தான் நானும் சொல்றேன்" என்றாள். இதே வசனத்தை நானும் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். வாயை மூடிக்கொண்டேன். ஆனால் கோபம் போகவில்லை, வீடுவரை கூடவே வந்தது.

"போதும், விடு. கடைப் பழமும் பழந்தானே" என்றார் அம்மா. அவர் விடச் சொன்ன விதத்தில்தான் எனக்குப் பிடிவாதம் ஏறியது. அடுத்த ஞாயிறு லீவு சொல்லிவிட்டு, முதல் பஸ்ஸுக்கே அம்மாவை ஏற்றினேன்.

அன்றும் உடனே விடவில்லை. பதினொரு மணி என்றார்கள், ஒரு மணி என்றார்கள், விசேஷ விருந்தாளிகள் பறித்து முடியட்டும் என்றார்கள். இரண்டரைக்குத்தான் மரங்களைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார்கள். மொத்தம் ஐந்து மரம். எட்டுகிற கிளையில் இலைதான் இருந்தது. சனங்கள் தாவித் தாவிப் பச்சைக்காயைப் பிடுங்கினார்கள். அம்மா யாரோடும் முட்டவில்லை. கூடை ஒன்றை எடுத்துக்கொண்டு மரத்தின் உட்புறமாக, தண்டுப் பக்கம் புகுந்தார். பழம் இலைக்குள்ளேதான் ஒளிந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும். பால் பட்டால் சேலை கறையாகும் என்று, அங்கே கூலிக்குப் பறித்துக்கொண்டிருந்த தோட்டத்து லயத்துப் பெண் ஒருத்தியிடம் ஒரு சாக்குப் படங்கை வாங்கி இடுப்பில் சுற்றிக்கொண்டார். இனி பிரச்சினை இல்லை என்று நினைத்தேன். டிக்கட்டோடு சேர்ந்த பகல் சாப்பாட்டை வாங்கப் போனேன்.

சாப்பாடு முடிந்துவிட்டதாம். அங்கே நின்று இருபது நிமிடம் வாக்குவாதம் செய்தேன். கடைசியில் இரண்டு ரோல்ஸ் வாங்கிக்கொண்டு, ஜெயித்த நினைப்போடு திரும்பினேன். அம்மா மரத்தடியில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார்.

"பறிக்கலையாம்மா?"

"பறிச்சேனே. ஒரு கூடை நெறையா."

"எங்க?"

"நிறுவைக்கு வச்சிட்டேன்."

சொல்லிவிட்டு அம்மா என் முகத்தைப் பார்த்தார். அந்த நொடியில்தான் அவருக்கே விளங்கியது. கூடை நிறைந்ததும் கால் தானாகத் தராசுப் பக்கம் போயிருக்கிறது. கூடையை வைத்துவிட்டு, எத்தனை கிலோ என்று சொல்லும்வரை கைகட்டி நின்று கேட்டுவிட்டு, திரும்பி வந்துவிட்டார். இடுப்பில் படங்கு. தராசடியில் நின்றவர் கூலிக்குப் பறிக்கிற ஆள் என்று நினைத்து விற்பனைப் பெட்டியில் கொட்டிவிட்டார். அவர்மேல் எப்படிக் குற்றம் சொல்வது? ஆனால் இரண்டு ரோல்ஸுக்காகச் சண்டைபிடித்துக்கொண்டு நின்ற என்னை எனக்குப் பிடிக்கவே இல்லை.

"யாரும் கேக்கலடி. நானாத்தான் கொண்டுபோய்க் குடுத்தேன்" என்றார் அம்மா. அவமானத்தில் அவர் குரல் சிறுத்துவிட்டது. "வா போயிறலாம். பஸ்ஸுக்கு நேரமாகுது."

"போக முடியாது" என்றேன்.

தராசுக்காரரிடம் போய் நடந்ததைச் சிங்களத்தில் சொன்னேன். பாவம், பதறிப்போனார். அம்மாவிடம் வந்து, "மன்னிச்சுக்கொள்ளுங்க அம்மே, பெட்டியில இருந்து நல்லதாப் பார்த்து ஒரு கூடை எடுங்க" என்றார். ஆளுக்கு நல்ல மனசு. ஆனால் அந்தப் பெட்டியில் எல்லாரும் பறித்தது கலந்துபோயிருந்தது. எங்களுக்குப் பெட்டிப் பழம் வேண்டாம், மரம் வேண்டும் என்றேன். நாலு மணியாகிவிட்டது, கயிறு கட்டியாயிற்று என்றார். டிக்கட்டில் நேரம் எதுவும் போடவில்லையே என்று அவர் கண் முன்னால் நீட்டினேன். மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். கேளுங்கள், எங்கள் அம்மா ஒரு பழம் பறிக்காமல் நாங்கள் இந்த இடத்தை விட்டு நகரப்போவதில்லை, கேட்டைப் பூட்டினாலும் உள்ளேதான் இருப்போம் என்றேன். குரலை உயர்த்தவில்லை. கவுண்டரில் நின்று பழகியதில் ஒன்று தெரியும்: கத்துகிற ஆளைச் சமாளித்து அனுப்பிவிடலாம், நகராமல் நிற்கிற ஆளை ஒன்றும் செய்யமுடியாது.

அவர் மேலிடத்தைக் கேட்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒரு கையால் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். மறு கையில் ஒரு வெறுங்கூடையை எடுத்து அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா இடுப்பிலிருந்த படங்கை அவிழ்த்து மடித்து, அதற்குரிய பெண்ணிடம் கொடுத்தார். கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே போனார். கூடையை வாங்கவில்லை.

"கூடை வேணாங்க. கூடையில போட்டா இந்தக் கை திரும்பவும் கொண்டுபோய்க் குடுத்துரும்."

கிளையை வளைத்து ஒரு பழத்தைப் பறித்தார். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து அமுக்கினார். தோல் பிளந்தது. அங்கேயே, எல்லோரும் பார்க்க, நின்றபடியே தின்றார். சேலை முந்தானையில் கறை இறங்கியது, அதை அவர் பார்க்கவே இல்லை. பிறகு இன்னொன்று பறித்தார். ஏழு பழம் தின்றார். தராசுக்காரர் வெறுங்கூடையோடு பக்கத்திலேயே நின்றார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.