படக்குறிப்பில் பதினைந்து சொற்கள்

காலை மணி பத்து பத்து. கேமராவின் வழியே முதலில் தெரிந்தது ஒரு டிரிம்மர். தையல் முடிந்த இடத்தில் மிஞ்சும் நூலை வெட்டுவதற்கான, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சிறு கத்தரி அது. அதன் இரண்டு அலகுகளிலும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். சிவப்பு ரிப்பனால் அது ஒரு பெண்ணின் மணிக்கட்டில் கட்டப்பட்டிருந்தது. கேமராவைச் சற்று உயர்த்தியதும் சரிகைக் கரை போட்ட சால்வை, அதற்கு மேல் நாற்பத்தாறு வயது முகம், நெற்றியில் காசளவுப் பொட்டு. இரண்டு பக்கமும் சீருடையில் ஏழு பெண்கள். பின்னால் பதினான்கு என்று எண் எழுதிய தையல் இயந்திரம், வாழைக்கன்று கட்டி, பொரித்தட்டு ஏந்தி நின்றது.

பர்கூருக்கு அருகில் உள்ள காலணித் தொழிற்சாலை அது. நடுவில் நின்றவர் வியட்நாமிலிருந்து வந்த பயிற்சியாளர். தையல் லைனில் எல்லாருக்கும் அவர் மேடம். நானும் அப்படித்தான் அழைத்தேன். நான் ஒரு நாளிதழின் மாவட்ட நிருபர். பர்கூரில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் மாடியில்தான் அவர் குடியிருந்தார். கணவர் இல்லை. ஒரே மகள் ஊரில் பெரியம்மாவிடம் வளர்ந்தாள். மூன்று ஆண்டுகளாக எங்களுக்கிடையே படிக்கட்டுப் பழக்கம்: காலையில் ஒரு சிரிப்பு, ஞாயிற்றுக்கிழமை ஒரு கிண்ணம் சூப்பு, பதிலுக்கு என் வீட்டுத் தோசை.

அவருக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் இருபது இருக்கலாம். எல்லாம் வேலையிலிருந்து பொறுக்கியவை. நேரா, மெல்ல, பிரி, மறுபடி. 'போதும்' என்பதற்கு மட்டும் 'சாலு' என்பார். லைனில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். ஷூவின் மேல்பாகத்தில் தையல் அரை மில்லிமீட்டர் விலகினால் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் காட்டுவார். "பிரி" என்பார். அந்தப் பெண் தையலைப் பிரித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். பிறகு, "மறுபடி." இதற்கு மேல் அவர் யாரையும் திட்டியதில்லை என்று லைன் சூப்பர்வைசர் எனக்குச் சொல்லியிருக்கிறாள். கந்திகுப்பத்துப் பெண் அவள். மேடத்திடம் தொழில் கற்ற முதல் அணியில் வந்தவள்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் தையல் பிரிவு முழுவதும் அதே குழுமத்தின் வேறொரு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது. கட்டடம் அதுதான், இயந்திரங்களும் அவைதான், வாசலில் பெயர்ப்பலகை மட்டும் மாறியது. பெண்களுக்குப் புதிய அடையாள அட்டை கொடுத்தார்கள். மறுநாள் வேலை நடந்தது. மேடத்தின் வேலை விசாவோ பழைய நிறுவனத்தின் பெயரில் இருந்தது. அதைப் புதிய நிறுவனத்துக்கு மாற்ற அனுமதி வாங்க வேண்டும். வரும்வரை அவர் வேலை செய்யக் கூடாது. நடுவில் நாட்டை விட்டுப் போனால் விண்ணப்பம் முடிந்துவிடும். மனிதவளப் பிரிவு அதிகாரி இதை என் முன்னிலையில்தான் அவருக்கு விளக்கினார். இரண்டு மாதத்தில் வந்துவிடும் என்றார். மேடம் விரல் விட்டு எண்ணிப் பார்த்துத் தலையசைத்தார். பிப்ரவரியில் மகளுக்குக் கல்யாணம். அக்டோபரில் அனுமதி வந்தால் கல்யாணத்துக்குப் போய்விட்டு, திரும்பி வந்து வேலையைத் தொடரலாம். அவருக்கு அது ஒன்றுதான் கணக்கு.

அதன் பிறகு தினமும் காலை பத்து மணிக்கு அவருடைய தொலைபேசி ஒலிக்கும். அந்த அதிகாரி இணையத்தில் பார்த்துவிட்டு ஒரே செய்தியை அனுப்புவார்: அண்டர் பிராசஸ். மாடியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்கும். பிறகு அவர் துணி துவைப்பார். இரண்டு உடுப்புகளுக்கு எவ்வளவு நேரம் துவைக்க முடியுமோ அதைவிட அதிக நேரம் துவைப்பார்.

ஆயுத பூஜைக்கு அவரை அழைத்தது லைன் பெண்கள்தான். தொழிற்சாலைகளில் விடுமுறைக்கு முந்தின நாளே பூஜை முடிந்துவிடும். ஒவ்வொருத்தியும் தன் இயந்திரத்தைத் துடைத்துப் பொட்டு வைத்து, அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். வேலைக்கு வரக் கூடாதே என்று மனிதவள அதிகாரி இழுத்தபோது சூப்பர்வைசர் விடவில்லை.

"வேலைக்கா சார் கூப்புடறோம்? பொட்டு வைக்கத்தான கூப்புடறோம். மேடம் இல்லாம அவங்க பதினாலாம் நம்பர் மெஷினுக்கு யார் சார் சந்தனம் பூசறது, நீங்களா?"

அதிகாரி மேடத்திடம் விருந்தினர் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, பார்வையாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டி உள்ளே அனுப்பினார். முறைப்படி எல்லாம் சரியாகவே நடந்தது. உள்ளே போனதும் பெண்கள் சால்வை போர்த்தினார்கள். அட்டை சால்வைக்குள் போய்விட்டது. மேடத்தின் பழைய டிரிம்மரை எங்கிருந்தோ எடுத்து வந்து கையில் கட்டினார்கள்.

"பாருங்கக்கா, பொட்டு வெச்சதும் எங்க ஊரு மருமக மாதிரியே ஆயிட்டாங்க," என்றாள் ஒருத்தி.

"மாமியார் இல்லாத மருமக. குடுத்து வெச்சவங்க," என்றாள் சூப்பர்வைசர். புரியாவிட்டாலும் மேடம் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் படம் எடுத்தேன்.

மதியம் ஒரு மணிக்குள் மாவட்டப் பக்கத்துக்குப் படங்கள் போய்ச் சேர வேண்டும். பேருந்து நிலையத்தில் நின்றபடியே தொலைபேசியில் படக்குறிப்பை எழுதினேன். "பர்கூர் அருகே காலணித் தொழிற்சாலையில் நடந்த ஆயுத பூஜையில் தையல் பிரிவில் பயிற்சி அளித்து வரும் வியட்நாம் பெண் பங்கேற்றார்." பதினைந்து சொற்கள். படத்தில் இருப்பவர் யார், என்ன செய்கிறார் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும் என்பது நான் தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் படித்தது. இரண்டு மாதமாக அவர் பயிற்சி அளிக்கவில்லை என்பது மாவட்டத்திலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும்; என் தலைக்கு மேல்தான் அவர் நாற்காலியை நகர்த்திக்கொண்டிருந்தார். தெரிந்ததை விட்டுவிட்டு, எழுதிப் பழகியதைக் கை எழுதியது.

மறுநாள் படம் மூன்று பத்தி அகலத்தில் வந்தது. பத்திரிகையை மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். பூஜையிலிருந்து கையோடு கொண்டுவந்த டிரிம்மரால் படத்தையும் அதன் கீழிருந்த எழுத்தையும் ஓரம் பிசகாமல் வெட்டி, அரிசி குக்கருக்கு மேலே சுவரில் ஒட்டினார். பிறகு தன் தொலைபேசியில் அதைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினார்.

நவம்பரில் காவல் நிலையத்திலிருந்து ஏட்டு ஒருவர் வந்தார். விசா விண்ணப்பத்துக்கான முகவரி விசாரணை. மொழிக்கு உதவியாக என்னையும் மேலே கூப்பிட்டார். நல்ல மனிதர், செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார். பாஸ்போர்ட்டைப் பார்த்தார், வாடகை ஒப்பந்தத்தைப் பார்த்தார், குறித்துக்கொண்டார். எழுந்திருக்கும் நேரத்தில், வந்தவருக்குத் தன்னைப் பற்றி நல்லதாக ஏதாவது காட்ட வேண்டும் என்று மேடத்துக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவரைக் குக்கர் பக்கம் அழைத்துப்போய்ச் சுவரைக் காட்டினார். ஏட்டு கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மறுபடியும் படித்தார்.

"வேலை செய்யலன்னுதானம்மா கம்பெனி எழுதிக் குடுத்துருக்குது?"

"செய்யலைங்க. பூஜைக்கு விருந்தாளியா வந்தாங்க. வேணும்னா கேட்டுல ரிஜிஸ்டர் பாருங்க."

"அப்ப பேப்பர்ல இப்படி வந்துருக்குதே?"

"அது தப்புங்க. நான்தான் எழுதினேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க எழுதினதுதானா? அப்புறம் நீங்களே தப்புன்னா எப்படிம்மா? வாயால சொன்னத நான் விட்டுடலாம். அச்சுல வந்தத பாத்தப்புறம் பாக்கலன்னு எழுத முடியாது." சுவரில் இருந்ததைத் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். மேடம் அவர் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். தன் படத்தை இன்னொருவரும் விரும்பி எடுக்கிறார் என்று நினைத்துவிட்டார்.

ஏட்டு போன பிறகு நான் கீழே இறங்கவில்லை. மொழிபெயர்க்கும் செயலியில் நடந்ததை எழுதிக் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார். சுவரைப் பார்த்தார். அடுப்பில் தண்ணீர் வைத்து, அது கொதிக்கும்வரை முதுகைக் காட்டியபடி நின்றார். பிறகு தேநீரை என் முன்னால் வைத்து, லைனில் சொல்கிற அதே குரலில் சொன்னார்: "பிரி. மறுபடி."

அன்றே திருத்தம் வெளியிடக் கேட்டேன். "ஒரு பூஜை படத்துக்குத் திருத்தமா? படத்துல இருக்கறவங்களுக்குத் தமிழே தெரியாதுங்கற, யாரும்மா கேக்கப் போறா?" என்றார் செய்தி ஆசிரியர். ஐந்தாம் நாள் உள்பக்கத்தின் அடியில் மூன்று வரி வந்தது. அதையும் விருந்தினர் பதிவேட்டின் நகலையும் நிறுவனம் விசா அலுவலகத்துக்கு அனுப்பி வைத்தது. விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது, பதில் போனது, அந்தப் பதிலுக்கு விளக்கம் கேட்டு இன்னொன்று வந்தது. காலை பத்து மணிச் செய்தி மட்டும் மாறவில்லை. மேடத்தின் சுவரில் பழைய படம் அப்படியே இருந்தது. திருத்தத்தை அவர் வெட்டவில்லை. அதில் படம் இல்லை.

ஜனவரி கடைசியில் ஒரு மாலை அவர் படியிறங்கி வந்து என் வாசலில் நின்றார். வலக்கையை வாசல் பக்கம் நீட்டி, "போ?" என்றார். பிறகு அதே கையைத் தரையை நோக்கித் தாழ்த்தி, "இரு?" என்றார். அவர் முடிவெடுக்க நான் உதவ வேண்டும். கல்யாணத்துக்குப் போனால் ஆறு மாதக் காத்திருப்பு வீண், வேலை போகும். இருந்தால் ஒரே மகளின் கல்யாணம் போகும். ஊரில் யார் எதைக் கேட்டாலும் ஒரு பதில் சொல்லிவிடுகிற தொழில் என்னுடையது. அன்று அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காராமல், தானே "இரு" என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அங்கே ஒன்பதரை என்றால் இங்கே காலை எட்டு. சூப்பர்வைசரும் நான்கு பெண்களும் முதல் பேருந்தில் மல்லிகைப் பூவோடு வந்திருந்தார்கள். மேடம் நீல நிறத்தில் கணுக்கால்வரை நீண்ட அங்கி அணிந்து, தொலைபேசியைக் குக்கரின் மேல் சாய்த்து வைத்து, அதன் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மகள் சிவப்பு உடையில் வந்தாள். எங்களுக்கு வார்த்தை புரியவில்லை. யார் யார் என்பது புரிந்தது. மணமக்கள் பெரியவர்களை வணங்கியபோது யாரோ தொலைபேசியை அவர்களுக்கு எதிரே நீட்டிப் பிடித்தார்கள். மகள் திரையை நோக்கிக் குனிந்தாள். மேடமும் கை இரண்டையும் முழங்காலில் வைத்துக் குனிந்தார்.

"அழாதீங்க மேடம், பொண்ணு பாக்குது," என்றாள் சூப்பர்வைசர். அழுதது அவள்தான்.

பிறகு அந்தத் தொலைபேசி மண்டபத்தைச் சுற்றிக் காட்டியது. வாசலில் ஒரு மேசை. அதன் மேல் குடும்பப் படங்கள் சட்டமிட்டு வைக்கப்பட்டிருந்தன. நடுவில் இருந்த பெரிய சட்டத்தைப் பார்த்துப் பெண்கள் கூச்சலிட்டார்கள். அவர்கள்தான் அதில் நின்றார்கள். சால்வையும் பொட்டும் டிரிம்மருமாக மேடம் நடுவில். அம்மாவின் அண்மைய படம் மகளிடம் அது ஒன்றுதான் இருந்திருக்கிறது. பத்திரிகையில் வந்ததை அப்படியே பெரிதாக்கியிருந்தாள். கீழே என் பதினைந்து சொற்களும் இருந்தன. அந்த மண்டபத்தில் யாராலும் அவற்றைப் படிக்க முடியாது. நான் படித்தேன்.

ஏப்ரலில் பதில் வந்தது. மாற்றத்துக்கு அனுமதி இல்லை. பதினைந்து நாளில் நாட்டை விட்டுச் செல்ல வேண்டும். காரணம் எழுதப்படவில்லை. என் படக்குறிப்பால்தான் என்று நிச்சயமாகச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. கோப்பில் அது இருந்தது என்பதற்கு உண்டு. மேடம் பெங்களூரு விமான நிலையத்துக்குக் கிளம்பிய அன்று வேலை நாள். சூப்பர்வைசர் மட்டும் அரை நாள் விடுப்பு எடுத்து வந்தாள். அவளிடம் டிரிம்மரைக் கொடுத்தார். சுவரில் இருந்ததை மெல்லப் பிரித்து எடுத்து, பாஸ்போர்ட்டின் நடுவில் வைத்துக்கொண்டார். என் கையைப் பிடித்து அழுத்தினார். "சாலு," என்றார். எதைப் போதும் என்றார் என்று நான் கேட்கவில்லை.

அவர் போய் ஒன்றரை ஆண்டான பிறகு, இந்த ஆண்டும் ஆயுத பூஜைக்கு அந்த லைனுக்குப் போனேன். ஊரிலிருந்து அவர் புதிய விசாவுக்கு விண்ணப்பித்திருப்பதாகச் சூப்பர்வைசர் சொன்னாள். மகளுக்கு மகள் பிறந்திருக்கிறாளாம். அண்டர் பிராசஸ் என்ற செய்தி இப்போது இவளுடைய தொலைபேசிக்கு வருகிறது. பதினான்காம் இயந்திரத்தின் பக்கவாட்டில் சிவப்பு ரிப்பனோடு டிரிம்மர் தொங்கியது. அலகுகளில் சந்தனம் ஈரமாக இருந்தது. பெண்கள் பக்கத்து இயந்திரத்தில் படத்துக்கு நிற்கத் தள்ளுமுள்ளு செய்துகொண்டிருந்தார்கள். மணி பத்து பத்து. டிரிம்மரை மட்டும் ஒரு படம் எடுத்து நாளிதழுக்கு அனுப்பினேன். 'பர்கூர் அருகே ஆயுத பூஜை' என்று படக்குறிப்பு எழுதினேன். படத்தில் ஆட்கள் இல்லை.