மேட்டுக் கொல்லையும் அக்காவின் மீன்குளமும்

ஊரில் அவருக்குக் 'கரும்பச்சை' என்றுதான் பெயர். அவருடைய மக்காச்சோளக் கொல்லை மட்டும் அப்படியொரு கருத்த பச்சையில் நிற்கும். மற்றவர்கள் ஒரு மூட்டை யூரியா போட்டால் இவர் இரண்டு போடுவார். போட்ட கையோடு மோட்டாரைத் தட்டிவிட்டு, வரப்பு வழியும்வரை தண்ணீர் பாய்ச்சுவார். வழிந்த தண்ணீர் பள்ளத்துக்கு ஓடும். பள்ளத்தில் அவருடைய அக்காவின் மீன்குளம் இருந்தது.

புருஷன் போன பிறகு அக்கா அந்தக் குளத்தை வைத்துத்தான் பிழைத்தாள். தம்பி வீட்டு வாசலில் போய் நிற்கவில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

ஒரு கோடையில் குளத்துத் தண்ணீர் பெயின்ட் கரைத்த மாதிரி பச்சையானது. சில நாளில், விடிந்தும் விடியாததுமாக அக்கா தலைவிரிகோலமாக ஓடிவந்தாள்.

"டேய், மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளக்குதுடா. சீக்கிரம் வா!"

தண்ணீரில் காற்று ஏறட்டும் என்று இருவரும் வாளியால் மொண்டு மொண்டு அடித்தார்கள். வெயில் ஏறுவதற்குள் அத்தனை மீனும் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன.

பார்க்க வந்த மீன்வளத்துறைக்காரர், "பாசி மண்டிப்போய், ராத்திரியில தண்ணியில இருந்த காத்தையெல்லாம் இழுத்துக்கிச்சும்மா. மேலேர்ந்து வடியிற உரத்தண்ணிதான் பாசியை வளர்த்திருக்கு" என்று மேட்டைக் காட்டினார். அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தம்பிக்கு மனசு ஆறியிருக்கும்.

அவள் டவுனில் ஒரு விடுதிக்குப் பாத்திரம் கழுவப் போனாள். பஸ் நிறுத்தத்தில் அவர் கெஞ்சினார்.

"நம்ம வீட்டுலயே வந்து இருந்துடு அக்கா."

"இருந்தா என்னிக்காவது ஒருநாள், 'ஏன்டா இப்படிப் பண்ணே'ன்னு உன்னைக் கேட்டுடுவேன்டா. கேக்க வேணாம்னுதான் போறேன்."

அதன்பின் அவர் உரத்தைப் பாதியாகக் குறைத்தார். அதையும் பிரித்துப் பிரித்து, ஈரமண்ணில் வேரடியில் வைத்தார். தண்ணீரை அளவாகப் பாய்ச்சினார். பள்ளத்தை ஒட்டிய மண்ணில் உழவை நிறுத்திப் புல் வளர்த்தார். "கொல்லைக்குச் சோகை புடிச்சிருச்சா?" என்றாள் மனைவி. டீக்கடையில், "என்ன கரும்பச்சை, வெளுத்துட்டீங்க!" என்று சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார்.

அறுவடையில் விளைச்சல் பெரிதாகக் குறையவில்லை. மனைவிக்குச் சந்தோஷம். அவர் களத்திலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த இரண்டாவது மூட்டை பயிருக்குத் தேவைப்பட்டதே இல்லை.

குளம் தெளியப் பல வருஷம் பிடித்தது. தெளிந்ததும் விடுதிக்கு ஓடினார்.

"அக்கா, அடிமண்ணு தெரியுது. மீன்குஞ்சு வாங்கி விடலாமா?"

அக்கா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். விரல்கள் வெளுத்து ஊறிக் கிடந்தன.

"இடுப்பு விட்டுப்போச்சுடா. இனி என்னால வலை இழுக்க முடியாது. நீ விட்டுக்கோ."

விட்டார். மீன்கள் முழங்கை நீளத்துக்கு வளர்ந்துவிட்டன. பிடிக்க அவருக்குக் கை வரவில்லை. அக்கா ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை.