உப்புப் போடாத சந்தன நிறம்

எனக்கு ஒன்று பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லைதான். தூத்துக்குடியில் நான் வாழ வந்த வீட்டின் சுவர்கள் பிடிக்கவில்லை. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன் சிப்பிச் சுண்ணாம்பில் நீலம் கலந்து, பளீரென்று வெள்ளையடிப்பார்கள். என் கணவருக்கு உப்பளத்தில் மேற்பார்வை வேலை. பகலெல்லாம் உப்பின் வெள்ளையைப் பார்த்துக் கண் சிவந்து வருகிற மனிதர், வீட்டுக்குள்ளும் கண்ணைச் சுருக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். எனக்கு மனசு பொறுக்கவில்லை.

யுத்தம் முடிந்து வந்த முதல் கிறிஸ்துமஸ் அது. முன்னறைக்கு வெளிர் சந்தன நிறம் அடிக்கலாம் என்று மாமியாரிடம் சொன்னேன். நாசரேத்தில் என் தாய்வீட்டுக்கு நானே கலந்த நிறம்தான்.

"அடிச்சுக்கோ. சரியா வரலைன்னா எந்தக் காலத்துலயும் வெள்ளதான். இந்த வீட்டுச் சொவரப் பத்தி அப்புறம் நீ வாயத் தொறக்கப்படாது, ஆமா."

"சரி மாமி" என்றேன். தோற்பேன் என்ற நினைப்பே எனக்கு இல்லை.

மறுநாள் மாமியார் ஆராதனைக்குக் கோயிலுக்குப் போன நேரத்தில் சுண்ணாம்பில் மஞ்சள் காவி கலந்து, ஒரு சிட்டிகை செங்காவியும் சோற்றுக் கஞ்சியும் சேர்த்தேன். கடைசியில் இரண்டு கை கல்லுப்பு. வெள்ளையடிக்க வந்தவர் மட்டைத் தூரிகையும் கையுமாகத் தயங்கினார்.

"உப்பா தாயி?"

"எங்க ஊர்ல போடுவோம். அப்பத்தான் கையில ஒட்டாது. அடிங்க அண்ணாச்சி."

மூன்று நாளாகியும் சுவர் காயவில்லை. மழைக்காலக் கடற்காற்றில் வேர்த்துக் கொட்டியது. முன்னறை முழுக்கச் சேற்றில் புரண்ட எருமையின் நிறம்.

"ஏளா, இங்கன கெணத்துத் தண்ணியே உப்பு. அதுல நீ வேற உப்பப் போட்டியாக்கும்!" மாமியார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் வெள்ளைக்குச் சம்மதிக்கவில்லை. பண்டிகைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. நல்ல தண்ணீர் குடிக்கவே தட்டுப்பாடு. சுவருக்கென்று கேட்டால் வீடு இரண்டாகிவிடும். அன்று சாயங்காலம் வானம் கறுத்ததும், அண்டா குண்டா எல்லாவற்றையும் இறவாரத்தின் கீழ் வரிசையாக வைத்தேன். அவையெல்லாம் மழைத்தண்ணீரால் நிரம்பின.

கணவரும் நானும் சுவரைச் சுரண்டினோம்.

"அளத்துல அள்ளுனது பத்தாதுன்னு வீட்டுலயும் உப்பச் சுரண்ட வச்சிட்டியே" என்றார் அவர். சுரண்டிய இடத்தை மழைத்தண்ணீரால் கழுவி, அதே தண்ணீரில் உப்பில்லாமல் கலந்து மறுபடி அடித்தோம். மறுநாள் வெயில் வந்தது. மணிக்கு மணி சுவர் வெளுத்துக்கொண்டே போய், நான் நினைத்த நிறத்தில் வந்து நின்றது. அன்று வேலை முடிந்து வந்த கணவர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை நன்றாகத் திறந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று பலகாரத் தட்டோடு வந்த பக்கத்து வீட்டம்மா சுவரைத் தடவிப் பார்த்து, "இது என்ன கலவை?" என்று மாமியாரிடம்தான் கேட்டாள். வெள்ளைதான் வேண்டும் என்று நின்றவர் என்ன சொல்வாரோ என்று அடுப்படியில் அப்படியே நின்றேன்.

"எம் மருமவட்ட கேளு. நம்ம வீட்டுச் சொவரெல்லாம் இனி அவ பொறுப்பு" என்றார். உடனே குரலை உயர்த்தி, "உப்புப் போடாமச் சொல்லிக்குடுளா!" என்றார்.