காலண்டர் ஆத்தாவும் கிழிந்த பத்துப் பக்கமும்

என்னைக் காட்டிக்கொடுத்தது மாரியாத்தாதான் என்று போன மாதம் வரை நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. இந்த மாதிரி நம்பிக்கைக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

எல்லாவற்றுக்கும் காரணம், புழுங்கிய காகிதமும் வெற்றிலைச் சாறும் சேர்ந்து மணத்த ஒரு பர்மியப் புத்தகம். ரங்கூனில் எங்கள் தெருமுனை வாடகைப் புத்தகக் கடையிலிருந்து அதை எடுத்துவந்தவன் மியோ. தமிழ் அப்பாவுக்கும் பர்மிய அம்மாவுக்கும் பிறந்த என் உயிர்த்தோழன். இத்தாலியிலிருந்து கப்பலேறி, நியூயார்க்கில் பழவண்டி தள்ளி, பிறகு அந்த ஊரையே நடுங்கவைத்த ஒரு தாதாவின் வாழ்க்கை அதில் இருந்தது. அவன் கும்பலில் சேருகிறவன் புனிதர் படம் ஒன்றை உள்ளங்கையில் வைத்து எரித்து, செத்தாலும் வாய் திறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டுமாம். கடைசிப் பத்துப் பக்கங்களைக் காணவில்லை. வாடகைப் புத்தகம் என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

பன்னிரண்டு வயதில் சேகர் என்கிற நான் "லூஜி" ஆனேன், அதாவது பெரியவர். மியோ என் வலதுகை. புனிதர் படத்துக்கு எங்கே போவது? கோயில் காலண்டரில் இருந்த மாரியாத்தாவைக் கத்தரித்து, பின்சந்தில் நின்று ஆளுக்குப் பாதியாக எரித்தோம். உள்ளங்கை சுட்ட பிறகுதான் புத்தியில் உறைத்தது: பத்து நாளில் தீமிதி. என் கையில் காப்பு கட்டியாகிவிட்டது. சின்னப் பையன் ஒருவனைக் கைபிடித்துத் தீக்குழியில் இறங்குவதாக நேர்ந்துகொண்டிருந்த அப்பா, எனக்கு மஞ்சள் வேட்டிகூட வாங்கி வைத்திருந்தார்.

அன்று சாயங்காலம் ரங்கூன் தாதா என்ன செய்தார்? தண்ணீர் டிரம்மில் காலை ஊறவைத்தார். உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு வழுக்கி விழுந்தார். "நெருப்பு எவ்ளோப்பா சுடும்?" என்று ஏழாவது தடவை கேட்டபோது அப்பா முறைத்தார்.

மறுநாள் காலை அம்மா வெற்றுக் காலண்டர் முன்னால் நின்றார்.

"ஆத்தா கனவுல வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாடா. தனியாவா எரிச்ச?"

விளக்கெண்ணெய்க் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். ஆனாலும் சத்தியம் சத்தியம்தானே. "தனியாத்தாம்மா."

அப்பா என் காப்பை அவிழ்த்தார். நேர்த்திக்கடன் நிற்கக்கூடாது என்பதால் அன்றைக்கே, வாசலில் தயாராக நின்ற மியோவின் கையில் காப்பு ஏறியது. என் வேட்டியில், என் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் தீயில் இறங்கியதைக் கயிற்றுக்கு இந்தப்பக்கம் நின்று பார்த்தேன். அவன் காலில் ஒரு கொப்புளம் இல்லை. ஆத்தாவுக்கு என்மேல் மட்டும் என்ன கோபமோ என்று எத்தனையோ வருஷம் யோசித்திருக்கிறேன்.

அப்பா இப்போது இல்லை. வாடகைப் புத்தகக் கடையில் கைப்பேசி உறை விற்கிறார்கள். அதற்கு எதிர்த்த டீக்கடையில்தான், போன மாதம், நரைத்த தலையை ஆட்டிக்கொண்டு மியோ சொன்னான்:

"டேய் லூஜி, அந்தப் பத்துப் பக்கத்தையும் கிழிச்சது நான்தான். தாதாவ அவன் வலதுகையே போலீசுல மாட்டிவுடுவான். நீ படிச்சா உஷாராயிருவியே."

"ஏன்டா?"

"பர்மாக்காரி மவனுக்கு யாருடா காப்பு கட்டுவாங்க? உங்கப்பா கையில ஒரு எடந்தான இருந்துச்சு."

சிரித்தேன். டீ மூக்கில் ஏறிவிட்டது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஆத்தா யார் கனவிலும் வரவில்லை. சாம்பல் கழுவிய ஈரக்கையோடு எங்கள் வீட்டுக்கு வந்து, "சேகர் மட்டுந்தான் எரிச்சான் அத்தை" என்று அம்மாவிடம் சொன்னவன் மியோ.