ஃபர்வானியாவில் இரண்டு பிஜிக்காரர்கள்

2005 பிப்ரவரி, புதன்கிழமை. காலை ஏழரை மணிக்கு அபுதாபியில் விமானம் ஏறினேன். ஒன்றரை மணி நேரப் பயணம். குவைத்தின் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடுவதால், இறங்கியபோது அங்கே மணி எட்டுதான் ஆகியிருந்தது. எண்ணெய் அளக்கும் மீட்டர்களைச் சரிபார்ப்பது என் தொழில். ஷுஐபாவில் ஒரு பட்டறையில் இரண்டு நாள் வேலை. தங்குவதற்கு ஃபர்வானியாவில் ஓர் ஓட்டல் அறை.

கம்பெனி அனுப்பிய டிரைவர் வெளியே நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். கறுத்த, மெலிந்த உடம்பு. சட்டையில் குத்தியிருந்த அட்டையில் கணேஷ் அப்பாவு என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அப்பாவு என்பது எங்கள் வேலூர்ப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு கேட்கும் பெயர். வண்டியில் பையை வைத்துக்கொண்டே, "எந்த ஊர் அண்ணே நீங்க?" என்றேன்.

அவர் சிரித்தார். "தமிழ் மாஃபி, பாய். நான் பிஜி."

மாஃபி என்றால் அரபியில் இல்லை. பிறகு ஆங்கிலமும் இந்தியும் கலந்து பேசினார். வளைகுடாவில் பதினோரு வருடம் கேட்டுப் பழகிய இந்தி இல்லை அது. சொற்களின் வால்கள் எல்லாம் அறுந்து, வேகமாக உருண்டு வந்தது. பாதி புரிந்தது. புரிந்ததைத்தான் இங்கே தமிழில் தருகிறேன்.

ஃபர்வானியாவிலிருந்து ஷுஐபா சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். போக வர ஒன்றரை மணி நேரம். அந்த மூன்று நாளில் நான் பிஜியைப் பற்றித் தெரிந்துகொண்டதில் பெரும்பகுதி இந்தச் சாலையில் கேட்டதுதான்.

பசிபிக் கடலில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகள். மூவாயிரம் வருடங்களுக்கு முன்பு படகில் வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் இன்றைக்குப் பாதிக்கு மேல். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியர்கள். மிச்சம் ரொட்டுமா தீவுக்காரர்கள், சீனர்கள், வெள்ளைக்காரர்கள், கலந்து பிறந்தவர்கள். வெள்ளைக்காரர்கள் தீவுகளைக் கையில் எடுத்தபோது, அங்கே பிறந்தவர்களின் நிலத்தை விற்கக் கூடாது, அவர்களைத் தோட்ட வேலைக்கு இழுக்கவும் கூடாது என்று சட்டம் வைத்தார்கள். கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே? 1879-இலிருந்து இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். முதலில் கல்கத்தாவிலிருந்து. 1903-க்குப் பிறகு சென்னையிலிருந்தும்.

"ஐந்து வருஷ அக்ரிமெண்ட். எங்க ஆளுங்களுக்கு அந்த வார்த்தை வாயில வரல. கிர்மிட்னு சொன்னாங்க" என்றார் கணேஷ். "தோட்டத்துல வரிசையா தகரக் கொட்டகை. அதுக்கு லைன்னு பேரு. அங்க எல்லாரும் இந்தி பேசினாங்க. எங்க ஆளுங்களும் பேசினாங்க. தமிழ் போச்சு."

"ஒரு வார்த்தைகூட இல்லையா?"

யோசித்தார். "தாத்தா. ஆயா. அண்ணா. அக்கா. மாரியம்மா." சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. "வருஷா வருஷம் தீ மிதிப்போம். பாட்டு தமிழ்ல பாடுவோம். அர்த்தம் தெரியாது."

பச்சை விழுந்ததும், "உங்களை அண்ணான்னு கூப்பிடலாமா?" என்றார். அதுவரை பாய் என்றிருந்தார்.

அன்று மாலை ஐந்தரைக்கு ஃபர்வானியாவில் சேகர் மெஸ்ஸில் தோசை சாப்பிட்டேன். 250 ஃபில்ஸ். தேநீர் 100. சேகர் அறந்தாங்கிக்காரர். மேல்மாடியில்தான் கணேஷின் அறை.

"அந்த பிஜிக்காரரா? நம்ம பேரை வச்சிக்கிட்டு இந்தி பேசுறாரு சார். கூட ஒரு ஆளு இருக்கான், மலை மாதிரி. லாரிங்களுக்குக் காவலா ஈராக் பார்டர் வரைக்கும் போயிட்டு வருவான். அவனும் பிஜிதான், ஆனா வேற இனம். ரெண்டு பேரும் ரெண்டு வருஷமா ஒரே ரூமு. ஒரே சட்டியில சாப்பிடுறாங்க" என்றார் சேகர்.

வியாழக்கிழமை காலை ஆறரைக்குப் புறப்பட்டபோது அந்த மலை மாதிரியான ஆளும் வண்டியில் இருந்தார். பெயர் ஜோனே. வழியில் இறங்க வேண்டியவர். அவருடைய தலைமுடி வண்டியின் கூரையைத் தொட்டது. கணேஷை அவர் 'தவலே' என்று கூப்பிட்டார். என்ன அர்த்தம் என்று கேட்டேன். அம்மாவின் அண்ணன் தம்பி மகன், அப்பாவின் அக்கா தங்கை மகன், இவர்கள்தான் தவலே என்றார். அவர்களைக் கேலி செய்யலாம், அவர்கள் தங்கையைக் கட்டலாம்.

"மச்சான்" என்றேன் நான்.

அம்மாவின் அண்ணனை என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "மொமொ" என்றார். மாமா என்று நாங்கள் சொல்வதைச் சொன்னபோது, ஜோனே வண்டி அதிரச் சிரித்தார். எங்கேயோ தனித்தனியாக உண்டான இரண்டு மொழிகள். ஏன் இப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அண்ணன், தாத்தா என்று நாலைந்து சொற்களை மட்டும் காப்பாற்றி வைத்திருந்த கணேஷ், இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

ஜோனே இறங்கிப் போனபின் கணேஷ் அவரைப் பற்றிச் சொன்னார். இருவரும் பா என்ற கரும்பு மாவட்டத்துக்காரர்கள். கணேஷின் குடும்பம் பத்து ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துக் கரும்பு போட்டது. முப்பது வருடக் குத்தகை. நிலம் ஜோனேயின் குலத்துக்குச் சொந்தம். 2000-இல் இந்தியர் ஒருவர் பிரதமராக இருந்த ஆட்சியைக் கவிழ்த்தார்கள். மறு வருடம் குத்தகை முடிந்தது. குலம் அதைப் புதுப்பிக்கவில்லை. கணேஷ் வீட்டைப் பலகை பலகையாகப் பிரித்து லாரியில் ஏற்றி, லவுட்டோகா நகரத்து ஓரத்தில் ஒரு புறம்போக்கில் நிறுத்தினார். மனைவியும் இரண்டு பெண்களும் இன்னும் அங்கேதான். அண்ணன் நியூசிலாந்துக்குப் போய்விட்டார். ஒரே ஏஜெண்ட் மூலம் குவைத்துக்கு ஆள் எடுத்தபோது, விமானத்தில் பக்கத்து இருக்கையில் ஜோனே.

"ஏன் புதுப்பிக்கலைன்னு அவர்கிட்ட கேட்டீங்களா?"

"இல்ல அண்ணா. ஒரே ரூம்ல இருக்கணுமே."

அன்று மதியம் பட்டறை வாசலில் கணேஷ் ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டினார். உள்ளே ஒரு நகல். கொள்ளுத்தாத்தாவின் கப்பல் அனுமதிச் சீட்டு. பிஜி ஆவணக் காப்பகத்தில் எடுத்தது. பெயர் அப்பாவு. வயது 22. உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். அடையாளம், இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. ஜில்லா வட ஆற்காடு. ஊர்ப் பெயரில் ஏதோ ஒரு குமாஸ்தா ஆங்கில எழுத்துகளைக் கொட்டி வைத்திருந்தான். வல்லட்டூர் என்றோ உல்லத்தூர் என்றோ படிக்கலாம்.

"கீழ மெஸ்ல சேகர்கிட்ட கேட்டேன், மலையாளிங்ககிட்ட கேட்டேன், ஆந்திரா ஆளுங்ககிட்ட கேட்டேன். யாருக்கும் தெரியல. அடுத்த மாசம் எங்க ரெண்டு பேருக்கும் கான்ட்ராக்ட் முடியுது. டிக்கெட்டை சென்னை வழியாப் போட்டுக்கலாம்னு கம்பெனி சொல்லுது. ஊர் தெரிஞ்சா போகலாம்."

தாலுகா குடியாத்தம் என்று இருந்தது. இரண்டையும் சேர்த்து வாய்விட்டுப் படித்ததும் எனக்கு விளங்கிவிட்டது. "வளத்தூர். குடியாத்தத்துக்குப் பக்கத்துல. ரயில் ஸ்டேஷன் இருக்கு. அந்த வழியா எத்தனையோ தடவை போயிருக்கேன்."

வளத்தூர், வளத்தூர் என்று அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. உறையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி நடந்துவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை விடுமுறை. என் விமானம் மாலை ஏழுக்கு. மதியம் இரண்டு மணிக்கு அவர்கள் அறைக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு கட்டில், ஒரு அடுப்பு. ஜன்னலுக்கு எதிரே இன்னொரு கட்டடத்தின் ஜன்னல்கள். சாதம், மரவள்ளிக்கிழங்கு, தேங்காய்ப்பால் ஊற்றிய மீன். அந்த மீன் குழம்பில் எங்கள் ஊர்ப் பொடி மணத்தது. இரண்டு நாட்டுச் சமையலில் எது எதற்குச் சொந்தம் என்று பிரிக்க முடியவில்லை.

சாப்பிட்டதும் கணேஷ் ஜோனேயிடம், "அண்ணா என் ஊரைக் கண்டுபிடிச்சுட்டார். வளத்தூர். போகப் போறேன்" என்றார்.

ஜோனே எழுந்து கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தார். துணிகளுக்கு நடுவே செய்தித்தாளில் சுற்றிய உலர்ந்த வேர்க்கட்டு ஒன்று. யங்கோனா வேர். அதை இடித்து நீரில் கரைத்துக் குடிப்பது அவர்கள் வழக்கம் என்று கணேஷ் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் ஜோனே அதை இடிக்கவில்லை. இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கணேஷின் முன்னால் தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தார்.

"மன்னிப்புக் கேக்க எங்க வழக்கப்படி திமிங்கிலப் பல் வேணும். இங்க எங்க கிடைக்கும்? இதுதான் இருக்கு." அவர் இந்தியில், கணேஷ் பேசும் அதே இந்தியில் பேசினார். "குத்தகையைப் பத்தி எங்க குலம் கூடின கூட்டத்துல நான் இருந்தேன், தவலே. கையெழுத்துப் போடணுமா வேணாமான்னு கேட்டாங்க. உன் அப்பா எங்க வீட்டுச் சாவுக்கு அரிசி மூட்டை கொண்டு வந்தவர்னு எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கல. எல்லாரும் என்ன சொல்வாங்களோன்னு பயம்."

சட்டி ஒன்றில் குழாய் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கணேஷ் வேரைப் பார்த்தார்.

"உன் கையில இருந்தா குடுத்திருப்பியா?" என்றார்.

"தெரியல. பேசியிருக்கலாம்."

"ரெண்டு வருஷமா என் பக்கத்துல தூங்கற."

"ஆமா."

எழுந்து வெளியே போய்விடலாமா என்று இருந்தது எனக்கு. அதற்குள் கணேஷ் கையை நீட்டி வேரை வாங்கிக்கொண்டார். வாங்கினால் மன்னித்தாயிற்று என்று அர்த்தம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஜோனே கைகளைக் குழித்து மூன்று முறை தட்டினார். முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"நிலம் என்னால வாங்கித் தர முடியாது. வீட்டுக்கு ஓர் இடம் கேட்கிறேன். பெரியவங்க முன்னால என்கூட வந்து நீயும் உட்காரு" என்றார்.

நாலரைக்கு விமான நிலையம் நோக்கிப் புறப்பட்டோம். கணேஷ் வண்டியைப் பெரிய சாலையில் ஏற்றினார். பிறகு, "வளத்தூர்ல இறங்கி யார் வீட்டுக்குப் போவேன், அண்ணா? அப்பாவுன்னு ஒருத்தர் இருந்தார், கால்ல தழும்புன்னு சொன்னா யார் கதவைத் திறப்பாங்க?" என்றார்.

திறப்பார்கள் என்று சொல்ல நினைத்தேன். உறுதியாகத் தெரியவில்லை.

"உங்க விசா முடிஞ்சா நீங்க எங்க போவீங்க?"

"சென்னையில ஃபிளாட் இருக்கு."

"அங்க யார் இருக்காங்க?"

"வாடகைக்கு விட்டிருக்கோம்."

அவர் தலையை ஆட்டினார்.

திரும்பும் விமானத்தில், அபுதாபியில் பிறந்த என் மகளை நினைத்துக்கொண்டேன். எந்த ஊர் என்று கேட்டால் எங்கள் கட்டடத்தின் பெயரை ஆங்கிலத்தில் சொல்வாள். அவள் பேரனிடம் மிஞ்சப் போகும் தமிழ்ச் சொற்கள் நான்கா ஐந்தா என்று எண்ணிப் பார்த்தேன். எங்களைக் கப்பலில் யாரும் ஏற்றவில்லை. நாங்களாகவே வரிசையில் நின்று ஏறினோம். ஆனால் இங்கே எத்தனை தலைமுறை இருந்தாலும் நிலம் என்ற பேச்சே எழப்போவதில்லை, குத்தகைக்குக்கூட.

அந்த ஆண்டு ஜூலையில் ஒரு காலை அலுவலகத்தில் போன் அடித்தது. கணேஷ். பாவிலிருந்து பேசினார். சென்னை வழியாகப் போகவில்லை, நேரே ஊருக்குப் போய்விட்டார். மூன்று முறை ஜோனேயுடன் போய்ப் பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கரும்பு நிலம் கிடைக்கவில்லை. ஜோனே வீட்டுக்குப் பக்கத்தில் வீட்டு மனை மட்டும் கொடுத்தார்கள். பழைய பலகைகளையே கொண்டுவந்து நிறுத்தியாகிவிட்டது. பெண்கள் பள்ளிக்குப் போகிறார்கள். அவர் ஒரு பஸ் ஓட்டுகிறார்.

"எத்தனை வருஷத்துக்குக் குடுத்திருக்காங்க?" என்று கேட்டேன்.

"எழுதித் தரல அண்ணா. வாயால சொன்னாங்க."

எனக்குக் கவலையாக இருந்தது. அதைச் சொன்னேன்.

"முப்பது வருஷம்னு எழுதினது முப்பதாவது வருஷம் முடிஞ்சு போச்சு" என்றார். பின்னால் ஜோனேயின் குரல் எதற்கோ அவரைக் கூப்பிட்டது. "வரேன் தவலே" என்று அந்தப் பக்கம் கத்திவிட்டு, எனக்குச் சலாம் சொல்லிப் போனை வைத்தார்.