பத்து மணி மெஷின்

போன கிழமை வாரப் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் என்னைத் தேடியவர்கள் மன்னிக்க வேண்டும். எனக்குப் பதிலாக ஒரு பெயின்ட் விளம்பரம் போட்டிருந்தார்கள். பார்த்தேன். என் பத்தியை விட அழகாகத்தான் இருந்தது.

அதற்கு முந்திய கிழமை வந்த பத்தி பாதியில் அறுந்து நின்றது என்று ஒரு வாசகி போன் எடுத்துக் கேட்டார். "ஏன் தங்கச்சி, முடிவை பிரெஸ்ஸில வெட்டிட்டாங்களா?"

இல்லை ராத்தா. வெட்டினது என் மகள்.

பத்திரிகை ஆசிரியர் நல்ல மனிதர். அவருக்குக் கோபமே வராது. அதுதான் எனக்குப் பயம். "டீச்சர், உங்களுக்குக் கஷ்டமெண்டா கொஞ்ச நாளைக்கு அந்த இடத்தை வேற ஆருக்காவது குடுப்பமே... புதன் பின்னேரத்துக்குள்ள எழுதி அனுப்பினீங்க எண்டாச் சரி" என்றார். எவ்வளவு அன்பாகச் சொன்னார்!

பிள்ளை பிறந்த பிறகு பாடசாலைக்கு லீவு போட்டேன். சொந்தக்காரர் கலியாணங்களுக்கு லீவு போட்டேன். தலை சீவுவதற்குக்கூடப் பல நாள் லீவுதான். இந்தப் பத்திக்கு மட்டும் லீவு போடவில்லை. நாள் முழுக்க நான் ஒரு பிள்ளையின் உம்மா. அது போக, நான் நானாக இருக்கிற இடம் இந்த அரைப் பக்கம் மட்டும்தான். அதையும் பெயின்ட்காரனுக்குக் கொடுத்துவிட்டு நான் எங்கே போவது?

சரி, என்னதான் நடந்தது?

மகள் ஹனாவுக்குப் பதினொரு மாதம் முடிந்துவிட்டது. கதிரையைப் பிடித்து நிற்பாள். கதிரையிலிருந்து அலுமாரி, அலுமாரியிலிருந்து மேசை என்று ஒன்றைப் பிடித்த பிறகுதான் மற்றதை விடுவாள். பிடித்தது எதுவாக இருந்தாலும் இழுப்பாள். மேசை விரிப்பு, என் முந்தானை, ஒருநாள் சோற்றுப் பானை. பேக்கரிப் பாணைப் பிய்த்து வாயில் வைத்தால் துப்புகிறவள், எங்கள் ஊர் எத்தாளை மணலை மட்டும் சப்புக்கொட்டித் தின்பாள்.

இப்படிப்பட்ட பிள்ளை பகலில் ஒரே ஒரு முறைதான் தூங்கும். அதுவும் நான் தூங்க வைத்து அல்ல. மெஷின் தூங்க வைத்து.

எங்கள் பின்வேலிக்கு அந்தப் பக்கம், அண்ணன் முறைக்கு நான் 'காக்கா' என்கிற நாஸர் காக்காவின் தோட்டம். வெங்காயம், மிளகாய், ஒரு ஓரமாக வெண்டி. இங்கே நிலமெல்லாம் மணல், ஊற்றுகிற தண்ணீர் நிற்காது. அதனால் தினமும் இறைக்க வேண்டும். காலை பத்து மணிக்குக் கிணற்றடியில் அவருடைய மண்ணெண்ணெய் மெஷின் தொடங்கும். டக்கு டக்கு டக்கு டக்கு... எங்கள் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்குக்குக் கொஞ்சம் முந்தித்தான் நிற்கும்.

மெஷின் தொடங்கிப் பத்து நிமிடத்தில் ஹனா பாயில் சரிந்துவிடுவாள். அந்த இரண்டு மணித்தியாலமும் என்னுடையது. கொப்பியும் பேனையுமாகக் குந்திவிடுவேன். இந்தப் பக்கத்தில் பத்து மாதமாக நீங்கள் படித்ததெல்லாம் அந்த மெஷினுக்கும் லுஹர் பாங்குக்கும் நடுவில் எழுதியதுதான். நாட்டு நடப்பைப் பற்றி நான் ஆவேசமாக எழுதியதும் அதில் சேர்த்தி.

ஆனால் அதன் அருமை எனக்குத் தொடக்கத்தில் தெரியவில்லையே! மகள் பிறந்து நாற்பது கழியாத நாளில் வேலியடிக்குப் போய் நானே முறையிட்டேன்.

"காக்கா, குறை நினைக்கப்படாது. புள்ளை திடுக்கிட்டுத் திடுக்கிட்டு எழும்புது. மெஷினைக் கொஞ்சம் தள்ளி வெச்சு ஓட்டேலாதா?"

"கிணத்தையும் சேத்துத் தள்ளி வெக்கவா டீச்சர்?" என்று சிரித்தார். பிறகு முகம் மாறியது. "பாப்பம். பச்சைப் புள்ளை இரிக்கிற வீடு" என்றார்.

ஒரு கிழமையில் பிள்ளைக்குச் சத்தம் பழகிவிட்டது. அடுத்த கிழமையில் அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கமே இல்லை என்றாகிவிட்டது. முறையிட்டதை நான் மறந்துபோனேன். காக்கா மறக்கவில்லை.

இரண்டு கிழமைக்கு முந்திய திங்கட்கிழமை. பத்து மணி அடித்தது. சத்தம் இல்லை. பத்தேகால்... பத்தரை... ஹனா பாயில் எழும்பி இருந்துகொண்டு என்னைப் பார்த்தாள். 'எங்கே?' என்கிற பார்வை. ஸலவாத்துச் சொல்லித் தட்டினேன். ஏணையில் போட்டு ஆட்டினேன். அவள் தூங்கவில்லை. எனக்குத்தான் கண்ணைச் சொருகிக்கொண்டு வந்தது.

வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். பாத்தியெல்லாம் தண்ணீர் குடை விரித்த மாதிரி சுற்றிச் சுற்றித் தெளிக்கிறது. ஒரு முனகல்கூட இல்லை. நடுவில் காக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு புது மாப்பிள்ளை மாதிரி நிற்கிறார்.

"டீச்சர்! சத்தம் கேக்குதா?"

"இல்லை காக்கா."

"கரண்ட் மோட்டார்! ஸ்விச்சைப் போட்டாச் சரி. எனக்கும் லேசுதான். ஆனா சத்தியமாச் சொல்றன், உங்கட புள்ளையையும் நினைச்சித்தான் மாத்தின. நீங்க அண்டைக்கு வந்து சொன்ன பொறவு மனசில ஒரு முள்ளு. இப்ப நல்லாத் தூங்குறாவா?"

வீட்டுக்குள் ஹனா எதையோ கவிழ்த்துக் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"ஓம் காக்கா" என்றேன். "நல்லாத் தூங்குறா. அல்லாஹ் உங்களுக்கு நன்மையைத் தருவான்."

அப்படியே திரும்பி வந்தேன். உதவி செய்துவிட்டு வாய் நிறையச் சிரிக்கிற மனிதரிடம் போய், அந்த உதவியைத் தயவுசெய்து திருப்பி எடுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? நாம் பேச்சுவாக்கில் ஒரு குறையைச் சொல்லிவிட்டு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டுப் படுக்கிறோம். கேட்டவர் அதைப் பத்து மாதம் சுமந்துகொண்டு திரிகிறார். அக்கம்பக்கம் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு வந்த இரண்டு கிழமையை எப்படிச் சொல்ல? பகல் முழுக்க விழித்திருந்துவிட்டு, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு சோற்றுக் கோப்பையில் முகத்தைப் போட்டுத் தூங்குவாள். தூக்கி வைத்தால் எழும்பி அழுவாள். அவளுக்கு எரிச்சல், எனக்கு அதைவிட எரிச்சல்.

மகளின் வாப்பாவுக்குப் பாலாவியில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. அவர் எல்லாவற்றுக்கும் ஒரு வழி வைத்திருப்பார். கடைக்கு வருகிற மாம்புரித் தோட்டக்காரர் ஒருவரிடம் சொல்லி, அவர் தோட்டத்தில் ஓடுகிற மெஷின் சத்தத்தைப் போனில் பதிந்து எடுத்து வந்தார். போட்டுவிட்டேன். ஹனாவுக்குச் சத்தம் வேண்டாம், போன்தான் வேண்டும். தலையணைக்கு அடியில் ஒளித்தேன். தலையணையைத் தூக்கி எறிந்துவிட்டுப் போனைக் கடித்தாள்.

"அப்ப கிரைண்டரைப் போட்டுப் பாருங்களேன்" என்றார்.

போட்டேன். கை தட்டிச் சிரித்தாள்.

அன்றைக்கு அடுக்களைத் தரையில் இருந்துகொண்டு நான் அழுதேன். வெட்கமில்லாமல்தான் சொல்கிறேன். தூக்கமில்லை என்பதற்காக அழவில்லை. ஒரு பந்தி, ஒரே ஒரு பந்தி எழுத முடியாமல் போன ஆளாகிவிட்டேனே என்றுதான் அழுதேன். மகள் தவழ்ந்து வந்து, என் கண்ணில் வழிந்ததைத் தொட்டு வாயில் வைத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை காக்காவின் மனைவி ஹாஜரா ராத்தா ஒரு கோப்பை வெண்டிக்காயோடு வேலியடிக்கு வந்தார். வெண்டிக்காயை நீட்டினார். கையை விடவில்லை.

"டீச்சர், ஒண்டு கேக்கணும். புள்ளை நல்லாத் தூங்குறா எண்டு இவருக்கிட்டச் சொன்னீங்களாமே?"

"...ஓம் ராத்தா."

"மெஷின் ஓடின காலத்தில உங்கட வீட்டுச் சத்தம் ஒண்டும் எங்களுக்குக் கேக்கிறல்ல. இப்ப எல்லாம் கேக்குது. பத்து மணி எண்டா புள்ளை அழுறது கேக்குது." குரலைத் தாழ்த்தினார். "உம்மா அழுறதும் கேக்குது."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மெஷின், தூக்கம், பத்தி, பெயின்ட் விளம்பரம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ராத்தா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"யா அல்லாஹ்! பக்கத்து வீட்டுப் புள்ளைக்காக மெஷினை மாத்தினேன் எண்டு இவர் பள்ளிவாசல்ல எல்லாருக்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியிறார் டீச்சர்!"

புதன். காலை பத்து மணி. காக்கா பழைய மெஷினைக் கொட்டிலிலிருந்து இழுத்துவந்து கிணற்றடியில் வைத்தார். அவருக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. பாத்தி ஏற்கெனவே நனைந்து கிடந்தது.

"போன வருஷம் சத்தம் வேணாம் எண்டீங்க. இந்த வருஷம் சத்தம் வேணும் எண்டுறீங்க. அடுத்த வருஷத்துக்கு என்ன வேணும் எண்டு இப்பவே சொல்லிருங்க டீச்சர். முன்னுக்கே ஆயத்தமா இரிப்பம்" என்றார். நான் தலையைத் தூக்கவில்லை.

வீட்டுக்குள் ஓடி வந்தேன். பாயை விரித்து மகளைக் கிடத்தினேன். கொப்பியை விரித்தேன். பேனை மூடியைக் கழற்றினேன். வெளியே காக்கா கயிற்றை இழுக்கிறார். ஒரு இருமல். இன்னொரு இருமல். மூன்றாவதுக்குப் பற்றிக்கொண்டது.

டக்கு டக்கு டக்கு டக்கு...

ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. அல்ஹம்துலில்லாஹ்!

ஹனா தலையைத் திருப்பினாள். கண் இரண்டும் பெரிதானது. "தூங்குங்க தங்கம், தூங்குங்க..." என்று தட்டினேன். என் கையைத் தள்ளிவிட்டு எழும்பினாள். கதிரையைப் பிடித்து நின்றாள். சத்தம் பின்கதவுப் பக்கமிருந்து வருகிறது. கதிரைக்கும் பின்கதவுக்கும் நடுவில் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. அலுமாரி இல்லை, மேசை இல்லை, வெறும் தரை.

கையை விட்டாள்.

ஒரு எட்டு. குடித்தவர் மாதிரி ஒரு ஆட்டம். இன்னொரு எட்டு... மூன்று... நான்கு... வாசற்படியில் பொத்தென்று இருந்தாள். தனக்குத் தானே கை தட்டினாள். பிறகு கதவு நிலையைப் பிடித்து எழும்பி, மணலில் இறங்கி, மெஷின் சத்தத்தை நோக்கி நடந்தாள்.

நான் பேனையோடு பின்னால் ஓடினேன். "காக்கா! நடக்கிறா! மகள் நடக்கிறா!" என்று கத்தினேன்.

காக்கா திரும்பி என்னைப் பார்த்துப் பதறிப்போனார். அந்த இரைச்சலுக்கு நடுவில் நின்றுகொண்டு, பிள்ளை எழும்பிவிடும், சத்தம் போடாதீர்கள் என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்!

அப்புறம்தான் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளையைக் கண்டார். மெஷினை நிறுத்தினார். "மாஷா அல்லாஹ்" என்றார், மெதுவாக. பிறகு மெஷினைத் திரும்பவும் கொட்டிலுக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

மகளின் வாப்பாவுக்குப் போன் எடுத்தேன். "நான் வருமட்டும் இரிக்க வெச்சிருங்க" என்றார். நடக்கத் தொடங்கின பிள்ளையை ஒரு இடத்தில் இருக்க வைப்பதாம்!

அன்றைக்கும் ஹனா தூங்கவில்லை. எனக்கு அந்த இரண்டு மணித்தியாலம் இனி இல்லை என்பது விளங்கிவிட்டது. சந்தோசமாக இருந்தது. இடுப்பு விட்டுப் போகிற மாதிரி களைப்பாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அப்படியென்றால் இதை எப்போது எழுதினேன் என்கிறீர்களா? புதன் பகல் முழுக்க, நின்றுகொண்டு. ஒரு கையில் அவளுடைய சட்டை நுனி, மற்றக் கையில் பேனை, கொப்பி கக்கத்தில். வாசலில் இரண்டு வரி, கிணற்றடியில் மூன்று வரி, கோழிக் கூட்டுக்கு முன்னால் நீண்ட ஒரு பந்தி.

எங்காவது ஒரு சொல் விடுபட்டிருந்தால் ப்ரூஃப் பார்ப்பவரைத் திட்டாதீர்கள்; அந்த இடத்தில் என் மகள் ஒரு எட்டு வைத்திருக்கிறாள்.