பதினெட்டிலிருந்து பதினாறுக்கு

பட்டாபிராமில் எங்கள் வீட்டின் முன்னறையில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்வது என் தொழில். வேலை வேகமாக நடக்கட்டும் என்று கம்ப்யூட்டருக்குப் புது மெமரி வாங்கிப் போட்டேன். அட்டையில் 3600 என்று கொட்டை எழுத்து. ஒரு மாதம் கழித்து, ஞாயிறு காலையில் தற்செயலாகப் பார்த்தால் அது 2133 வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது!

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் என் கணவரிடம் காட்டினேன். "கடக்காரன் ஏமாத்திட்டானா?" என்று சட்டையை மாட்டினார். இணையத்தில் படித்தபோதுதான் தெரிந்தது, தப்பு என் மேல்தான். கம்ப்யூட்டர் கிளம்பும்போதே திறக்கும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய், முழு வேகத்தை நாமே இயக்கிவிட வேண்டுமாம். இயக்கினேன். 3600 வந்தது. ஆனால் அதன் பக்கத்தில் 15 என்று இருந்த இன்னொரு எண் இப்போது 18 ஆகியிருந்தது. கேட்டதை எடுத்துக் கொடுக்க மெமரிக்கு ஆகும் தாமதம் அது.

"இன்னாமே, வெயிட்டிங் ஜாஸ்தியாகீது? பழசயே போட்டுடு."

எனக்கும் அதே சந்தேகம். காகிதம் எடுத்தேன். பதினெட்டு என்பது நேரமல்ல, துடிப்புகளின் எண்ணிக்கை. வேகம் கூடினால் ஒவ்வொரு துடிப்பும் குறுகிவிடும். பழைய பதினைந்துக்குப் பதினான்கு நானோ நொடி. புதிய பதினெட்டுக்குப் பத்தே பத்து!

"ஏங்க, கொறஞ்சுதாங்க போயிருக்குது!" என்று கத்தினேன்.

"லேத்துல ஸ்பிண்டில் வேகமா சுத்துனா பதினெட்டு சுத்து சீக்கிரம் முடிஞ்சிடும். அதானே?"

அதேதான். அதற்குப் பிறகு இருவருக்கும் பித்துப் பிடித்துவிட்டது. பதினெட்டைப் பதினாறாக்கினோம், ஓடியது. "பதினாலு போடுமே!" என்றார். போட்டேன். திரை இருண்டது. விசிறி மட்டும் சுற்றியது. போட்ட எண் அழியட்டும் என்று கம்ப்யூட்டரைத் திறந்து, போர்டிலிருந்த சின்ன வட்ட பேட்டரியைக் கழற்றி, சற்றுப் பொறுத்து மாட்டினேன். உயிர் வந்ததும் இருவரும் கைதட்டினோம். மறுபடி பதினாலு. மறுபடி இருட்டு. மூன்றாவது முறை அவர் கம்ப்யூட்டரைத் தொட்டுக் கும்பிட்டார், அதுவும் பலிக்கவில்லை.

பதினாறோடு நிறுத்தி, பிழை வருகிறதா என்று மெமரி சோதனையை ஓடவிட்டுச் சாப்பிட்டோம். ஒன்றுகூட வரவில்லை. முன்பு நாற்பது நிமிடம் எடுத்த ஒரு ரிசப்ஷன் வீடியோ முப்பத்தாறில் முடிந்தது.

"நாலு நிமிசம்!" என்று அவர் என் கையைப் பிடித்துச் சுற்றினார். நாள் முழுக்கத் தொலைத்தது நினைவுக்கு வந்து, சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

மறுநாள் வேலையிடத்திலிருந்து போன்: "ஏம்மே, பதினஞ்ச நாம பாக்கவே இல்லியே?"

"உங்க வேலைய பாருங்க" என்றேன். அப்போது நான் பயாஸுக்குள்தான் இருந்தேன்.